விமர்சனப் பிரதி எந்த நிபந்தனையில் வந்தது? வீடியோ கேம் இதழியலின் பொறுப்பு குறித்து

வடகிழக்குப் பருவம் எழுதியது:

‘சைபர்பங்க் 2077’ இன்று நல்ல கேம். பிழைகள் திருத்தப்பட்டுவிட்டன, பின்னால் வந்த கூடுதல் கதைப்பகுதியும் பாராட்டுப் பெற்றுவிட்டது. ஆகவே 2020 டிசம்பரில் நடந்ததை இனியும் கிளற வேண்டுமா என்று வேறோர் இழையில் சிலர் கேட்டிருந்தார்கள். கிளறத்தான் வேண்டும். அந்த டிசம்பரில் வாசகர்களைக் கைவிட்டதில் கேம் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைப் பற்றி யாரும் நிதானமாகப் பேசவில்லை.

கேம் விற்பனைக்கு வந்தது டிசம்பர் 10. விமர்சனங்களை வெளியிட, அதை உருவாக்கிய நிறுவனம் அனுமதித்த நாள் டிசம்பர் 7. விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது கணினிப் பதிப்பு மட்டுமே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய பழைய கன்சோல்களுக்கான (டிவியோடு இணைத்து விளையாடும் கருவிகளுக்கான) பதிப்புகள் அவர்கள் கைக்குப் போகவில்லை. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. விமர்சகர்கள் தாங்களே விளையாடிப் பதிவுசெய்த காட்சிகளை அந்த முதல் விமர்சனக் காணொளிகளில் காட்டக்கூடாது. நிறுவனம் அனுப்பிய காட்சிகளைத்தான் ஓட்ட வேண்டும். கேம் வெளிவருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் பணம் கட்டி முன்பதிவு செய்திருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் இருந்தது பழைய கன்சோல்தான்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். பழைய கன்சோல்களில் படம் தேங்கி நின்றது, கேம் பாதியில் மூடிக்கொண்டது. ஒரு வாரத்துக்குள் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 ஜூன் மாதம்தான் அது மீண்டும் கடைக்கு வந்தது. கணினிப் பதிப்புக்கு முதல் நாளில் 90ஐ ஒட்டி இருந்த சராசரி மதிப்பெண், பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு அறுபதுக்கும் கீழே போயிற்று.

என் கேள்வி இதுதான். டிசம்பர் 7 அன்று விமர்சனம் எழுதியவர்களுக்கு இரண்டு விஷயங்கள் நிச்சயமாகத் தெரியும். கன்சோல் பதிப்பைத் தங்களுக்குக் காட்டவில்லை என்பது ஒன்று, தங்கள் கண்ணால் கண்டதைக் காட்சியாகக் காட்ட அனுமதி இல்லை என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதியிருந்தால் முன்பதிவை ரத்துசெய்ய மூன்று நாள் அவகாசம் இருந்தது. சிலர் எழுதினார்கள். பலர் கட்டுரையின் அடிவாரத்தில் ஒரு வரியாகப் போட்டார்கள். மதிப்பெண் மட்டும் பெரிய எழுத்தில் மேலே நின்றது.

நிபந்தனைகளைச் சொல்லாமல் தரப்படும் மதிப்பெண்ணை நான் விமர்சனமாக ஏற்க மாட்டேன். உங்கள் கருத்து என்ன?


நாலாவது பொத்தான் எழுதியது:

இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. இந்தத் துறையில் விளம்பரம் கொடுப்பவரும் விமர்சிக்கப்படுபவரும் ஒரே ஆள். 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற விமர்சனத் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் ‘கேன் அண்ட் லிஞ்ச்’ கேமுக்கு 10க்கு 6 கொடுத்தார். தளத்தின் முகப்பு முழுக்க அதே கேமின் விளம்பரம். அந்த மாதம் முடிவதற்குள் அவருக்கு வேலை இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? எல்லோரும் விலைபோனவர்கள். நிபந்தனையை மேலே எழுதினால் என்ன, கீழே எழுதினால் என்ன?


தாள்வாசி எழுதியது:

நான் ஒரு சிறிய தளத்துக்குப் பகுதிநேரமாக விமர்சனம் எழுதுகிறேன். ‘விலைபோனவர்கள்’ என்ற சொல்லை அவ்வளவு எளிதாக வீசாதீர்கள், நண்பரே. இதுவரை எந்த நிறுவனமும் எனக்குப் பணம் நீட்டியதில்லை. என்னைக் கட்டிப்போடுவது பணம் அல்ல, நேரம்.

முன்பிரதி எப்படி வருகிறது என்பதைச் சொன்னால் புரியும். வெளியீட்டு நிறுவனத்தின் மக்கள்தொடர்பாளர் ஒரு குறியீட்டு எண்ணை அனுப்புவார். கூடவே எம்பார்கோ தேதி வரும்: இன்ன நாள், இன்ன மணிக்கு முன்னால் எதுவும் வெளியிடக்கூடாது; இன்ன அத்தியாயத்துக்குப் பிறகு வரும் கதையைச் சொல்லக்கூடாது. எம்பார்கோ என்றாலே சதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரம் என்று ஒரு கோடு போட்டால்தான் விமர்சகர் கேமை முழுதாக முடித்துவிட்டு எழுத முடியும். அந்தக் கோடு இல்லையென்றால் முதல் நான்கு மணி நேரத்தை மட்டும் விளையாடிவிட்டு முந்திக்கொண்டு எழுதுபவர்தான் பிழைப்பார். தேடுபொறியில் முதல் பக்கத்தில் வராத விமர்சனத்தை யாரும் படிப்பதில்லை. ஐம்பது மணி நேரக் கேமை நான்கு நாளில் முடி என்று பிரதி வரும்போது வேலை, தூக்கம், வீடு எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முடிக்கிறேன். அந்தக் களைப்பில் எழுதும் கருத்து எவ்வளவு தூரம் நியாயமானது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும்.

எம்பார்கோவின் நேரம்தான் அதன் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். 2014 நவம்பரில் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு வந்தது. விமர்சனங்களுக்கு அனுமதி அன்று நண்பகலில்தான். பன்னிரண்டு மணி நேரம் மக்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டியிருந்தது. உள்ளே முகமே இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் பாத்திரங்கள். கேமை வெளியிட்ட யூபிசாஃப்ட் பிறகு மன்னிப்புக் கேட்டது, இழப்பீடாகக் கூடுதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் விமர்சகர்கள். அதைத்தான் வடகிழக்குப் பருவம் கேட்கிறார் என்றால், அந்தக் கேள்வி நியாயமானது.


வடகிழக்குப் பருவம் எழுதியது:

நாலாவது பொத்தான், கெர்ஸ்ட்மன் விவகாரத்தை நீங்கள் எடுத்தது நல்லது. ஆனால் அது உங்கள் வாதத்துக்கு நேர் எதிராகப் போகிறது.

அந்த ஆள் விலைபோகவில்லை. பத்தாண்டுக்கும் மேல் அதே தளத்தில் உழைத்தவர், விளம்பரம் முகப்பை மறைத்துக்கொண்டிருந்தபோதும் தனக்குப் பட்ட 6ஐக் கொடுத்தார். விளம்பரக்காரர்களின் கோபத்துக்குப் பணிந்தது அவருக்கு மேலே இருந்த நிர்வாகம். அப்போது கேம்ஸ்பாட்டின் உரிமையாளர் சிநெட் என்ற இணைய ஊடக நிறுவனம். பதவிநீக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் மறுத்தது. கெர்ஸ்ட்மன் தன் தரப்பைச் சொல்ல முடியவில்லை, ஏனெனில் பழைய நிறுவனத்தைக் குறைகூறுவதில்லை என்ற ஒப்பந்தம் அவர் வாயைக் கட்டியிருந்தது. அடுத்த சில மாதங்களில் அலெக்ஸ் நவாரோ, ரயன் டேவிஸ், பிராட் ஷூமேக்கர், வின்னி கேரவெல்லா ஆகியோரும் வெளியேறினார்கள். 2008இல் கெர்ஸ்ட்மனின் புதிய தளமான ஜயன்ட் பாம் பிறந்தது.

உண்மை வெளிவர 2012 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் சிநெட்டை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஊடக நிறுவனம் வாங்கியிருந்தது. அதே சிபிஎஸ் ஜயன்ட் பாமையும் வாங்கியபோது அந்தப் பழைய வாய்ப்பூட்டு நீங்கியது. அதன்பின் கேம்ஸ்பாட்டின் சொந்தக் காமிராவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து கெர்ஸ்ட்மன் நடந்ததைச் சொன்னார். ‘கேன் அண்ட் லிஞ்ச்’ மட்டும் அல்ல. அதற்கு முன்பே ‘ராட்செட் அண்ட் கிளாங்க்’ வரிசையில் ஒரு கேமுக்குக் கொடுத்த 7.5க்காகவும் நிர்வாகம் அவரை அழைத்துப் பேசியிருக்கிறது. விளம்பரப் பணம் வாசலைத் தாண்டிப் போவதைக் கண்டு பழக்கமில்லாத புதிய நிர்வாகிகள் பதறிவிட்டார்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இதில் என்னை உலுக்குவது பதவிநீக்கம் கூட அல்ல. நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக வாசகனுக்கு உண்மை மறைக்கப்பட்டது. அந்த இடைவெளியில் அந்தத் தளத்தில் வந்த ஒவ்வொரு நேர்மையான விமர்சனத்தின் மீதும் சந்தேகம் விழுந்தது. அதை எழுதியவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்? ‘எல்லோரும் விலைபோனவர்கள்’ என்று நாம் சொல்லும்போது அந்த நிர்வாகத்தைத் தப்பவிட்டு, எதிர்த்து நின்றவர்களையும் சேர்த்து மிதிக்கிறோம்.


இடைநிறுத்தம் எழுதியது:

ஒரு சந்தேகம். இந்தக் காலத்தில் எத்தனை பேர் கேம் தளங்களில் எழுத்தில் வரும் விமர்சனத்தைப் படிக்கிறார்கள்? என் தம்பி, அவன் நண்பர்கள் எல்லோரும் யூடியூப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். அங்கே இந்த விதிகள் உண்டா?


தாள்வாசி எழுதியது:

விதி உண்டு, கடைப்பிடிப்புதான் குறைவு. 2014இல் ‘ஷேடோ ஆஃப் மோர்டோர்’ கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் ஒரு விளம்பர நிறுவனம் வழியாக யூடியூபர்களுக்குச் சில நூறு டாலர் முதல் பல்லாயிரம் டாலர் வரை கொடுத்தது. கூடவே முன்பிரதியும். நிபந்தனைகளைப் படித்தால் வயிறு எரியும்: கேமைப் பற்றி நல்லவிதமாகப் பேச வேண்டும், பிழைகளைக் காட்டக்கூடாது. பணம் வாங்கியதைக் காணொளிக்குள் சொல்லச் சொல்லவில்லை. கீழே உள்ள விவரப் பெட்டியில் எழுதினால் போதும். அந்தப் பெட்டியை விரித்துப் படிப்பவர் எத்தனை பேர்? அந்தக் காணொளிகள் 55 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டன. பியூடிபை என்ற பிரபல யூடியூபர் வெளியிட்ட ஒன்றே 37 லட்சத்தைத் தாண்டியது.

இந்த ஒப்பந்தத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் டோட்டல்பிஸ்கட் என்ற பெயரில் காணொளி வெளியிட்டுவந்த ஜான் பெய்ன். அவரும் யூடியூபர்தான், பத்திரிகையாளர் அல்ல. அந்த நிபந்தனைகளை ஏற்க மறுத்தார், மறுத்ததை வெளியே சொன்னார். 2016 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வார்னர் பிரதர்ஸுடன் உடன்பாட்டுக்கு வந்தது. அபராதம் ஒரு டாலர் கூட இல்லை, இனி இப்படிச் செய்யக்கூடாது என்ற கட்டளை மட்டும்.

இந்தியாவிலும் விளம்பரத் தர மன்றம் 2021இல் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பணமோ பரிசோ வாங்கியிருந்தால் பார்ப்பவர் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. தமிழில் கேம் காணொளி வெளியிடுபவர்களும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்தான். இடைநிறுத்தம், உங்கள் தம்பி பார்க்கும் காணொளிகளில் அந்த அறிவிப்பு எங்கே வருகிறது என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.


நாலாவது பொத்தான் எழுதியது:

கெர்ஸ்ட்மனைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்லவர் இருந்தார் என்பதால் துறை நல்லதாகிவிடாது. பணம் வேண்டாம், பழக்கம் போதும். ஒரே விமானத்தில் பயணம், ஒரே விடுதியில் தங்கல், ஒரே விருந்தில் சாப்பாடு. 2012 அக்டோபரில் ராப் ஃபிளாரன்ஸ் என்ற பத்தி எழுத்தாளர் யூரோகேமர் தளத்தில் இதைத்தான் எழுதினார். கேம் இதழாளர்களும் மக்கள்தொடர்பாளர்களும் எல்லை தெரியாத அளவுக்கு ஒட்டிப்போய்விட்டார்கள் என்றார். சிப்ஸ் பொட்டலமும் குளிர்பானமும் அடுக்கிய மேசைக்குப் பக்கத்தில், பின்னால் ‘ஹேலோ 4’ விளம்பரத்துடன் ஒரு பிரபல இதழாளர் உட்கார்ந்திருந்த படத்திலிருந்து அந்தப் பத்தி தொடங்கியது. அதில் குறிப்பிடப்பட்ட ஒருவர் புகார் செய்ததும் யூரோகேமர் சில வரிகளை நீக்கியது. ஃபிளாரன்ஸ் அந்தத் தளத்திலிருந்து விலகிவிட்டார்.

துறையின் குறையை எழுதியவர்தான் வெளியே போனார். நிபந்தனைகளை மேலே எழுதுவது இதற்கு என்ன செய்யும்?


நெய்தல் எழுதியது:

இந்த இழையில் ஒரு பெயர் இன்னும் வரவில்லை. அதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ‘கேம் இதழியலில் அறம்’ என்ற சொற்றொடரைக் கேட்டாலே என்னைப் போன்ற பல பெண்கள் பின்வாங்குவதற்குக் காரணம் 2014 ஆகஸ்டில் தொடங்கிய கேமர்கேட்.

அது எதிலிருந்து கிளம்பியது? ஒரு சுயாதீனக் கேம் உருவாக்குநரின் முன்னாள் காதலர் இணையத்தில் நீண்ட பதிவு ஒன்றை எழுதினார். அதிலிருந்து ஒரு குற்றச்சாட்டு உருட்டித் திரட்டப்பட்டது: கோட்டாக்கு தளத்தின் செய்தியாளர் ஒருவர் உறவின் காரணமாக அவருடைய கேமுக்கு நல்ல விமர்சனம் எழுதினார் என்று. தளத்தின் ஆசிரியர் ஸ்டீஃபன் டோட்டிலோ பழைய கட்டுரைகளைச் சரிபார்த்துப் பதில் சொன்னார். அப்படி ஒரு விமர்சனமே எழுதப்படவில்லை. அந்தக் கேம் இலவசமாகக் கிடைப்பது வேறு. ஒரு நிமிடம் தேடினால் உடைந்துபோகும் பொய்யை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்குக் கொலை மிரட்டல், பாலியல் மிரட்டல், வீட்டு முகவரியை வெளியிடுதல் என்று மாதக்கணக்கில் வேட்டை நடந்தது. வேறு பெண்களையும் துரத்தினார்கள். அந்த அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேம்களைப் பெண்ணிய நோக்கில் விமர்சிக்கும் அனிட்டா சர்க்கீசியன் பேச இருந்த கூட்டத்துக்குத் துப்பாக்கிச்சூட்டு மிரட்டல் வந்தது. மாநிலச் சட்டப்படி அனுமதி பெற்றவர்கள் துப்பாக்கியுடன் அரங்குக்குள் வருவதைத் தடுக்க முடியாது என்று சொல்லப்பட்டதும் அவர் கூட்டத்தை ரத்துசெய்தார்.

அறம் பேசியவர்களின் செயலை இதோடு சேர்த்துப் பாருங்கள். கமாசூத்ரா தளத்தில் வந்த ஒரு கட்டுரை பிடிக்கவில்லை என்று, அங்கே விளம்பரம் கொடுத்த இன்டெல் நிறுவனத்துக்கு மின்னஞ்சல்களைக் குவித்தார்கள். இன்டெல் விளம்பரத்தை நிறுத்தியது. பிறகு, தாங்கள் ஒரு பக்கம் சார்ந்தது போன்ற தோற்றம் ஏற்பட்டதற்கு வருத்தம் தெரிவித்து, சில வாரங்கள் கழித்துத் திரும்பியது. விளம்பரதாரர் ஆசிரியர் குழுவை அடக்குகிறார் என்பதுதானே இங்கே எல்லோரும் சொல்லும் முதல் குறை? அதே ஆயுதத்தைக் கையில் எடுத்து ஒரு தளத்தின் தலையில் அடித்தவர்கள் இதழியல் அறத்தின் காவலர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். கெர்ஸ்ட்மனுக்கு நேர்ந்ததைக் கண்டு கோபப்படும் யாரும் இதைக் கண்டும் கோபப்பட வேண்டும்.

அந்தக் காலத்தில் விதிகள் சில மாறியதும் உண்மை. கேம் உருவாக்குநர்களுக்கு பேட்ரியான் என்ற நன்கொடைத் தளம் வழியாகப் பணம் தருவதைத் தன் எழுத்தாளர்களுக்குக் கோட்டாக்கு தடைசெய்தது. பாலிகன் என்ற இன்னொரு தளம் அதை வெளிப்படையாக அறிவிக்கச் சொன்னது. நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு தனி உருவாக்குநர் வாங்கும் ஐந்து டாலரைத் துருவித் துருவி விசாரித்த அதே கூட்டம், ‘மோர்டோர்’ ஒப்பந்தத்தை நடத்திய பெரிய நிறுவனத்தின் பின்னால் அந்த வெறியோடு ஓடவில்லை.


மட்டுறுத்துநர் எழுதியது:

நெய்தலின் பதிவுக்குப் பதிலாக வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கருத்தோடு மோதுங்கள், எழுதியவரோடு மோதாதீர்கள். பாதிக்கப்பட்டவர்களின் தனிப்பட்ட வாழ்க்கை விவரங்களை இங்கே யார் எழுதினாலும் கணக்கு முடக்கப்படும். விவாதம் தொடரட்டும்.


கறுப்புத்திரை எழுதியது:

உருவாக்குபவர்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் ஒரு கேம் நிறுவனத்தில் நிரலாளர்.

மதிப்பெண் என்பது வாசகருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அது எங்கள் சம்பளத்துக்குள் வந்துவிட்டது. 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ கேமை உருவாக்கியது அப்சிடியன். வெளியிட்டது பெதஸ்டா. விற்பனையில் பங்கு கிடையாது, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக் தளத்தின் சராசரி 85ஐத் தொட்டால் மட்டும் ஊக்கத்தொகை என்பது உடன்பாடு. வந்தது 84. அப்சிடியனின் கிறிஸ் அவெல்லோன் 2012இல் இதை வெளியே சொன்னார். யாரோ ஒரு விமர்சகர் பிழைகளைக் கண்டு எரிச்சலில் ஒரு மதிப்பெண் குறைத்திருப்பார். அவர் செய்தது அவருடைய வேலை, அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. வாசகனுக்காக எழுதப்பட்ட எண்ணைத் தொழிலாளியின் ஊதியத்துக்கு அளவுகோலாக மாற்றிய ஒப்பந்தத்தின் மீதுதான் கோபம்.

இதைத் தெரிந்துகொண்ட விமர்சகர் என்ன செய்ய வேண்டும்? இரக்கப்பட்டு ஒரு மதிப்பெண் கூட்டினால் வாசகனுக்குத் துரோகம். கூட்டாவிட்டால் எங்கள் தோழர்கள் நஷ்டப்படுகிறார்கள். யூரோகேமர் 2015இல் எண் மதிப்பெண்ணையே கைவிட்டது. பின்னாளில் நட்சத்திரக் குறியோடு திரும்பிவிட்டது. எண் இல்லாவிட்டால் வாசகர்கள் வருவதில்லை போலும்.

பிரதி, மதிப்பெண் இவற்றோடு இதழியல் முடிந்துவிடுவதாக இந்த இழை போகிறது. எங்களுக்கு உண்மையில் உதவிய இதழியல் வேறு. 2019இல் ‘ஆந்தெம்’ கேம் எப்படிச் சிதைந்தது என்று, அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்தின் ஊழியர்கள் பலரிடம் பேசி ஜேசன் ஷ்ரையர் என்ற செய்தியாளர் கோட்டாக்குவில் எழுதினார். மன அழுத்தத்தால் விடுப்பில் போனவர்களின் கதை அதில் இருந்தது. அந்தக் கட்டுரை வெளியான சில நிமிடங்களில் நிறுவனத்தின் மறுப்பு வந்தது. முழுவதையும் படித்துவிட்டு எழுத நேரமே இல்லாத வேகம். ஆனால் அதற்குப் பிறகு ஓயாத கூடுதல் வேலைநேரம் பற்றிப் பொதுவெளியில் பேச முடிந்தது. இப்படிப்பட்ட செய்திக்கு முன்பிரதி தேவையில்லை, எம்பார்கோ தேவையில்லை, மக்கள்தொடர்பாளரின் தயவு தேவையில்லை.


வடகிழக்குப் பருவம் எழுதியது:

கறுப்புத்திரை சொன்னது முக்கியம். ஆனால் அந்தத் தயவு இல்லாமல் வாழ்வதற்கும் விலை உண்டு. 2015 நவம்பரில் டோட்டிலோ அதை வாசகர்களிடம் வெளிப்படையாக எழுதினார். ‘ஃபால்அவுட் 4’ பற்றிய உள்விவரங்களை முன்னதாக வெளியிட்டதற்காக பெதஸ்டா இரண்டு ஆண்டாகக் கோட்டாக்குவின் அழைப்புகளுக்குப் பதிலே சொல்லவில்லை. ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசையின் அடுத்த கேமைப் பற்றி எழுதியதற்காக யூபிசாஃப்ட்டும் ஓராண்டாக அப்படியே செய்தது. பிரதி இல்லை, நேர்காணல் இல்லை. அவர்கள் கடையில் பணம் கொடுத்து வாங்கி விமர்சனம் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரைக்கு வந்த எதிர்வினையைப் பாருங்கள். ரகசியத்தைக் கெடுத்தவர்களுக்கு இது வேண்டும் என்று வாசகர்களே பெரும் எண்ணிக்கையில் நிறுவனங்களின் பக்கம் நின்றார்கள். பத்திரிகை நிறுவனத்தின் விருப்பத்துக்கு எதிராக எதையும் வெளியிடக்கூடாது என்று கேட்பவர்கள், அடுத்த வாரமே விலைபோய்விட்டது என்றும் திட்டுகிறார்கள்.

‘சைபர்பங்க்’ சமயத்திலும் இதே கதைதான். கணினிப் பதிப்புக்கு 10க்கு 7 கொடுத்த கேம்ஸ்பாட்டின் விமர்சகர் மீது, கேமைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள் வசைமாரி பொழிந்தார்கள். கேம் இன்ஃபார்மர் இதழின் எழுத்தாளர் ஒருவர், கேமில் வரும் ஒளிச்சிமிட்டல் தனக்கு வலிப்பை உண்டாக்கியது என்று எச்சரித்து எழுதினார். வாசகன் உயிரைக் காக்கும் எழுத்து அது. அவருக்குப் பரிசாக வந்தது, வலிப்பைத் தூண்டும் நோக்கத்தோடு அனுப்பப்பட்ட ஒளிச்சிமிட்டல் காணொளிகள். நிறுவனம் அவர் சொன்னதை ஏற்று எச்சரிக்கை வாசகம் சேர்த்தது, காட்சியையும் மாற்றியது. நிறுவனம் கேட்ட அளவுக்குக்கூட அந்த வாசகர்கள் கேட்கவில்லை.

பொறுப்பு என்ற சொல்லை நாம் பத்திரிகைகளை நோக்கி மட்டும் சுட்டிக்கொண்டிருந்தால் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.


இடைநிறுத்தம் எழுதியது:

கேம் இன்ஃபார்மர் மூடிவிட்டார்களே?


தாள்வாசி எழுதியது:

மூடித் திறந்துவிட்டார்கள். 1991இல் தொடங்கிய இதழ். கால்நூற்றாண்டு போல கேம்ஸ்டாப் என்ற விற்பனைக் கடை நிறுவனத்தின் கையில் இருந்தது. 2024 ஆகஸ்டில் ஒரே நாளில் ஊழியர்கள் அனைவரையும் நீக்கி, இணையத்தில் இருந்த பழைய கட்டுரைகளையும் மறைத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் கன்ஸில்லா கேம்ஸ் அதை வாங்கி, பழைய குழுவையே திரும்ப அழைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் கன்ஸில்லா கேம் உருவாக்கும் நிறுவனம். ஆசிரியர் குழுவுக்கு முழுச் சுதந்திரம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம்ப விரும்புகிறேன். அந்த நிறுவனத்தின் கேமை விமர்சிக்கும் நாளில் முதல் வரியில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துவிட்டு நம்புவேன்.

ஐஜிஎன் என்ற கேம் செய்தித் தளத்துக்கும் இதே நிலைதான். அதன் தாய் நிறுவனமான சிஃப் டேவிஸிடம் ஹம்பிள் பண்டில் என்ற கேம் விற்பனைத் தளமும் இருக்கிறது, அது கேம்களை வெளியிடவும் செய்திருக்கிறது. அப்படிப்பட்ட கேம்களின் விமர்சனத்தில் ஐஜிஎன் அந்த உறவைக் குறிப்பிடுகிறது. இது சரியான வழக்கம். உரிமையாளர் யார் என்று தெரிந்தால் வாசகர் தானே எடைபோட்டுக்கொள்வார்.


நாலாவது பொத்தான் எழுதியது:

சரி, நடைமுறைக்கு வருவோம். தாள்வாசி, நீங்கள் விமர்சகர். நாளை உங்களுக்கு ஒரு பிரதி வருகிறது. எந்தக் கருவியில் விளையாடினீர்கள், எத்தனை மணி நேரம், முடித்தீர்களா, பிரதியைக் கொடுத்தது யார், என்ன தடை விதித்தார்கள், உங்கள் தளத்தில் அந்த நிறுவனத்தின் விளம்பரம் ஓடுகிறதா. இத்தனையையும் மதிப்பெண்ணுக்கு மேலே போடுவீர்களா? போட்டால் நான் என் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும், உங்கள் தளத்தைப் படிப்பேன்.


தாள்வாசி எழுதியது:

ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போடலாம், போடத் தொடங்குகிறேன். விளம்பரத்தைப் பற்றி எழுத ஆசிரியரின் அனுமதி வேண்டும், கேட்கிறேன்.

தவிர்க்க வேண்டிய அந்த ஒன்று, தடைகள். பல ஒப்பந்தங்களில் கடைசிப் பிரிவு என்ன தெரியுமா? இந்த நிபந்தனைகளையே வெளியே சொல்லக்கூடாது என்பது. 2024 மே மாதம் ‘மார்வெல் ரைவல்ஸ்’ சோதனைப் பதிப்புக்கு வந்த காணொளியாளர்களின் ஒப்பந்தத்தில், கேமை இழிவுபடுத்திப் பேசக்கூடாது என்ற பிரிவு இருந்தது. ஒருவர் துணிந்து அந்தப் பக்கத்தைப் படம்பிடித்துப் போட்டதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது, கேமை உருவாக்கிய நெட்ஈஸ் மன்னிப்புக் கேட்டு மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘பிளாக் மித்: வூகாங்’ கேமுக்குக் காணொளியாளர்களிடம் பெண்ணியம், கோவிட், அரசியல் பற்றியெல்லாம் பேசாதீர்கள் என்று ஒரு பட்டியலே போனது. வெளியே வந்தவை இவை. வராதவை எத்தனை என்று யாருக்குத் தெரியும்?


வடகிழக்குப் பருவம் எழுதியது:

அப்படியானால் அந்தப் பிரிவு உள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். கடையில் வாங்கி, ஒரு வாரம் தாமதமாக எழுதுங்கள். நான் அந்த ஒரு வாரம் காத்திருக்கிறேன். முன்பதிவும் செய்ய மாட்டேன்.

‘சைபர்பங்க்’ விஷயத்தில் ஓபன்கிரிட்டிக் செய்தது நினைவிருக்கிறதா? விமர்சனங்களைத் தொகுக்கும் தளம் அது, தானாக எதையும் விமர்சிப்பதில்லை. இருந்தும் அந்தக் கேமின் பக்கத்தில், பழைய கன்சோல் பதிப்புகளின் உண்மை நிலையை நிறுவனம் வேண்டுமென்றே மறைக்க முயன்றதாகத் தாங்களும் பல விமர்சகர்களும் கருதுவதாக ஓர் அறிவிப்பைப் போட்டார்கள். மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே. கேம் வெளிவந்த பிறகு அவர்களால் செய்ய முடிந்ததை, முன்னால் பிரதி பெற்றவர்கள் ஏன் செய்யக்கூடாது?


தாள்வாசி எழுதியது:

ஒரு வாரம் தாமதமாக வரும் விமர்சனத்துக்கு எங்கள் தளத்தில் எனக்குக் கிடைக்கும் ஊதியம் பாதி. வாசகர் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. ஆசிரியர் ஒருமுறை பொறுப்பார், இரண்டாம் முறை வேறு ஒருவரிடம் பிரதியைக் கொடுப்பார். அந்த வேறொருவர் கையெழுத்திடுவார். நீங்கள் ஒருவர் காத்திருப்பதால் அது மாறாது. இந்த இழையில் உள்ள எல்லோரும் காத்திருந்தாலும் மாறுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் ஒன்று செய்ய முடியும். ‘இந்தப் பிரதிக்கு வெளியே சொல்ல முடியாத நிபந்தனைகள் உள்ளன’ என்று எழுதுவதை எந்த ஒப்பந்தமும் இதுவரை எனக்குத் தடுத்ததில்லை. அடுத்த விமர்சனத்தில் அந்த வரியை முதல் பத்திக்கு மேலே வைக்கிறேன். இணைப்பை இங்கே தருகிறேன், நாலாவது பொத்தான் முதலில் படிக்கட்டும்.